பத்தடி நடந்த சபை

முன்னொரு காலத்தில், வெற்றி முரசுக்கு ஓய்வே கிடைக்காத ஒரு நாடு இருந்தது. அவர்கள் ஓயாமல் படையெடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாட்டு வீரர்கள் வாளை உறையிலிருந்து உருவியே வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் பொழுது விடிந்து பொழுது சாய்வதற்குள் அரண்மனை மாடத்தில் முரசு ஓயாமல் முழங்கும். முரசடிப்பவனின் தோள் வீங்கிப்போய், அரண்மனை வைத்தியர் அதற்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் மகரகேது மகாராஜாவுக்கு ஒரு காலை வேளையில் தோன்றிய யோசனையால் வந்த வினை. அவர் நல்லவர்தான். ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. சபையில் எல்லோரும் தூங்கி வழிகிறார்கள் என்று அவருக்கு ஒரே எரிச்சல். அந்த நாட்டில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஏதாவது கடினமான வேலை வந்தால் அரசர் ஒரு தட்டில் வெற்றிலை வைப்பார். அதை யார் எடுக்கிறாரோ அவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார் என்று பொருள். மகரகேது அந்த வழக்கத்தை இழுத்துப் பெரிதாக்கினார்.

"இனி தினமும் காலையில் நாட்டு வேலைகள் அத்தனைக்கும் ஒவ்வொரு தட்டு வைக்கப்படும். வெற்றிலை எடுத்தவர் அந்தி சாய்வதற்குள் வேலையை முடித்தால் காலில் பொற்கழல் பூட்டி, முரசு முழங்கச் செய்வோம். முடிக்கவில்லையா, மறுநாள் உடைந்த மண்சட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சபைக்கு வர வேண்டும். எல்லோரும் சிரிப்போம்! தட்டில் இருக்கும் வேலையில், வெற்றிலை எடுக்காத எவரும் கை வைக்கக் கூடாது" என்று அறிவித்தார்.

அன்றைக்குப் பிடித்தது யோகம். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சபை, கோழி கூவுமுன் வந்து தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றது. பிரதானி சடையநாதர், தளவாய் சூரப்பர், புலவர் பொன்னம்பலர் என்று பெரிய மனிதர்கள் எல்லோரும் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கழல்களாகக் கட்டிக்கொண்டு 'சலங் சலங்' என்று நடந்தார்கள். அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முரசுச் சத்தம் கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு அவருக்கே ஒரு ஆசை வந்தது. தமக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டார். இளவரசராக இருந்த காலத்தில் கார்முகில் என்ற முரட்டுக் கருங்குதிரையை அடக்குகிறேன் என்று தினமும் ஏறி, தினமும் விழுந்து, மண்ணை உதறிக்கொண்டு சிரித்தபடி எழுந்தவர் அவர். இப்போது வெள்ளச்சி என்ற கிழட்டுப் பெட்டைக் குதிரையின் மேல் அரண்மனை முற்றத்தை ஒரு சுற்று சுற்றி வருவார். வெள்ளச்சி பாதி வழியில் நின்று தூங்கிவிடும். ஆனாலும் சுற்று முடிந்ததும் முரசு முழங்கும். கார்முகில் லாயத்தில் நின்று சும்மா கொள்ளு தின்று கொழுத்துக்கொண்டிருந்தது.

இத்தனை பேருக்கு நடுவில் வெறுங்காலோடு திரிந்தவன் ஒருவன்தான். விகடகவி மருதப்பன். ஓடக்காரர் வீட்டுப் பிள்ளை. வாய்த்துடுக்கு ஒன்றையே சொத்தாகக் கொண்டு சபைக்குள் நுழைந்து, அரசரின் பிரியத்துக்கு ஆளானவன். அந்தப் பிரியம்தான் சடையநாதரின் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

ஒருநாள் சபை கூடியதும் சடையநாதர் எழுந்து கும்பிட்டார்.

"மகாராஜா, இந்தச் சபையில் ஒரு கழல்கூட இல்லாத கால் ஒன்று இருக்கிறது. அரண்மனைச் சோற்றைத் தின்றுவிட்டுச் சும்மா திரியும் கால். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டிருப்பது தங்கள் ஆணைக்கே அவமரியாதை அல்லவா?"

அரசர் மருதப்பனைப் பார்த்தார். "உண்மையா? நீ ஒரு வெற்றிலைகூட எடுக்கவில்லையா?"

"எடுக்கலாம் என்றுதான் வருகிறேன், மகாராஜா. நான் குளித்துவிட்டு வருவதற்குள் தட்டெல்லாம் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிடுகிறது. அதோ, அந்தக் கடைசித் தட்டில் மட்டும்தான் வெற்றிலை இருக்கிறது. அதுவும் வாடிப்போய்."

அரசர் அப்போதுதான் கவனித்தார். தூணோரமாக ஒரு தட்டு. அதில் வெற்றிலை காய்ந்து சருகாகக் கிடந்தது. பெரிய ஏரியின் மதகைத் திறக்கும் வேலை அது. ஏரியின் அடியில் மதகை அடைத்திருக்கும் கல் சேற்றில் இறுகிவிட்டது. அதைத் தூக்கும் கம்பும் முறிந்துபோயிற்று. மழை கொட்டும்போது மதகு திறக்காவிட்டால் ஏரிக்கரை தாங்காது. தண்ணீருக்குள் முங்கிப் போய்ச் செய்ய வேண்டிய வேலை. ஒரே நாளில் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

"அதையே எடுக்கட்டுமே!" என்றார் சடையநாதர், வாயெல்லாம் பல்லாக. "ஐப்பசி பிறப்பதற்குள் முடிக்கட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டு அனுப்பிவிடலாம்."

ஐப்பசிக்கு நான்கே நாள்தான் இருந்தது. அரசருக்குச் சட்டென்று மனம் ஒப்பவில்லை. ஆனால் தாம் போட்ட ஆணையாயிற்றே! வேறு வழி தெரியாமல் தலையசைத்தார். மருதப்பன் போய், அந்தச் சருகை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் அவன் வந்த கோலத்தைப் பார்த்து அரசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழுத்தில் உடைந்த சட்டி. அது முறைப்படி சரி. ஆனால் அந்தச் சட்டியைச் சுற்றி மல்லிகைச் சரம்! தலைமுடியில் ஏரிப்பாசி. முகத்தில் மாப்பிள்ளைக் களை. சபை விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

"தோற்றுவிட்டு வந்திருக்கிறாய். உனக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்டார் அரசர்.

"வெட்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, மகாராஜா. ஆனால் கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே! நேற்றுவரை அது இந்த ராஜ்ஜியத்தில் ஒருவருக்கும் தெரியாதே!"

சொல்லிவிட்டு அதே தட்டில் புதிதாக வைத்திருந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த நாள் இரண்டு சட்டிகள். நடக்கும்போது ஒன்றோடொன்று மோதி 'டணக் டணக்' என்றன. "சேற்றை வாரிவிட்டேன், மகாராஜா. கல்லின் தலையில் ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. கைக்கு அகப்பட்டது, மூச்சுத்தான் அகப்படவில்லை!" என்றான். அவன் விரல் நகங்கள் பிய்ந்திருந்ததை அரசர் பார்த்தார். சபை சிரித்தது. அரசரால் மட்டும் சிரிக்க முடியவில்லை. இத்தனை காயத்தோடு இவன் எப்படி இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறான் என்று அவருக்கு ஒரே திகைப்பு. அந்தச் சந்தோஷத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்றும் தோன்றியது. எங்கே என்று நினைவுக்கு வரவில்லை.

அதற்கும் அடுத்த நாள் மூன்று சட்டிகள். "வளையத்தில் கயிறு கட்டியாயிற்று. நான் ஒருவன் இழுத்துப் பார்த்தேன். கல் என்னைப் பார்த்துச் சிரித்தது."

அன்றைக்குத்தான் புரட்டாசியின் கடைசி நாள். விடிந்தால் ஐப்பசி. வடகிழக்கில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சடையநாதர் மருதப்பனின் வீட்டை யாருக்குக் கொடுக்கலாம் என்று பக்கத்திலிருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

மருதப்பன் அரசர் முன் மண்டியிட்டான். "மகாராஜா, இன்றோடு என் கதை முடிந்தாலும் முடியலாம். ஒரே ஒரு வரம் கேட்கிறேன். இன்றைக்கு ஒரு தட்டை நான் வைக்க அனுமதி தர வேண்டும்."

"வைத்துக்கொள்" என்றார் அரசர்.

மருதப்பன் ஒரு பெரிய தாம்பாளத்தில் கொழுந்து வெற்றிலையாகக் குவித்துக்கொண்டு வந்து சபை நடுவில் வைத்தான்.

"பெரியோர்களே! பெரிய ஏரிக்கரையில் ஒரு கயிறு கிடக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் பத்தடி நடக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். எத்தனை பேர் வேண்டுமானாலும் எடுக்கலாம். நடந்த அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கழல்!"

அந்தத் தட்டைப் பார்த்துச் சபை கைகொட்டிச் சிரிக்கும் என்று அரசர் எதிர்பார்த்தார். பத்தடி நடந்ததற்குப் பொற்கழலா? தன்மானம் உள்ளவன் எவனாவது அதைத் தொடுவானா? அவர் அப்படி நினைத்து முடிப்பதற்குள் தாம்பாளம் கவிழ்ந்தது. புலியோடு மல்லுக்கட்டிய தளவாய் சூரப்பர் முழங்கையால் நான்கு பேரை இடித்துத் தள்ளிவிட்டு ஒரு வெற்றிலையை எடுத்தார். பெரிய காப்பியம் ஒன்றை எழுதிவந்த புலவர் பொன்னம்பலர் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே தவழ்ந்துபோய் ஒன்றைப் பொறுக்கினார். சடையநாதர் மட்டும் சந்தேகத்தோடு நின்றார். பிறகு பொன்னம்பலருக்குத் தம்மைவிட ஒரு கழல் கூடிவிடுமே என்ற கவலை வந்துவிட்டது. அவரும் எடுத்தார்.

அரசர் தளவாய் பக்கம் திரும்பினார். "சூரப்பரே, புலியை வென்ற நீர், இதற்கா ஓடினீர்?" என்று மெல்லக் கேட்டார்.

"அதற்குப் பல் கிடையாதே, மகாராஜா. அரண்மனைக் கூண்டில் இருந்த கிழப்புலிதானே அது" என்றான் மருதப்பன், தளவாய்க்காகப் பதில் சொல்வதுபோல.

அரசருக்கு நெஞ்சில் யாரோ குத்தியதுபோல் இருந்தது. அந்தப் புலிக்காக முரசு ஒரு நாழிகை முழங்கியதே! "புலவரே, உம்முடைய காப்பியம்?"

பொன்னம்பலர் தலையைக் குனிந்துகொண்டார். "அது நாலைந்து வருஷ வேலை, மகாராஜா. நடுவில் ஒரு கழலும் வராது. தினமும் தங்கள் பாதுகையைப் பற்றி இரண்டு வரி எழுதினால்... கழல் வருகிறது."

சபை முழுவதும் ஏரிக்குக் கிளம்பியது. அரசரும் வெள்ளச்சியின் மேல் ஏறினார். அது நகர மறுத்ததால் இறங்கி நடந்தே போனார்.

ஏரிக்கரையில் அவருக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. கரைக்கு மறுபுறம், கால்வாயை ஒட்டிய தெருவில் சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். செங்கமலம் என்ற கிழங்கு வியாபாரி, ஆட்டையும் அடுக்குப்பானையையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்கேம்மா கிளம்பிவிட்டீர்கள் எல்லோரும்?" என்றார் அரசர்.

"மேட்டுப் பக்கந்தான் சாமி. மழை எறங்குறதுக்குள்ள போயிறணும்ல? அந்தா, கரையப் பாருங்க."

அரசர் பார்த்தார். கரையின் அடிப்பகுதி நனைந்து, தண்ணீர் ஊறிக் கசிந்துகொண்டிருந்தது. கரை உடைந்தால் இந்தத் தெரு மட்டுமா? ஊரே போகும். அரண்மனையும் அந்தப் பள்ளத்தில்தானே இருக்கிறது!

"ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை?" என்று கத்தினார்.

"சொல்லாம என்ன சாமி? எங்க ஆம்பளைங்க எறங்கிச் செய்யுறோம்னு சொன்னாங்க. வேலை தட்டுல இருக்கு, வெத்தலை எடுக்காதவன் தொடக் கூடாதுன்னு வெரட்டிட்டாங்க. முறையிட அரமணைக்கு வந்தோம். முரசுச் சத்தத்துல யாருக்கும் காது கேக்கல." அவள் வண்டிக் கயிற்றை இறுக்கினாள். "நீங்க நல்லாருக்கணும் சாமி. ஆனா உங்க முரசு மேல எனக்குக் கோவம்தான்."

அரசர் அதிர்ந்து நின்றார். இத்தனை நாள் வெற்றி வெற்றி என்று கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் என்ன சத்தம்? அவருக்கு அழுகை வந்துவிட்டது. "கூப்பிடு உன் ஆட்களை! எல்லோரும் வந்து இழுக்கட்டும்! ஆணையாவது மண்ணாவது!" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கள், மகாராஜா" என்றான் மருதப்பன். "இழுக்க ஆள் வந்தாயிற்று. வெற்றிலை எடுத்த ஆள்."

கரைமேல் சபையோர் வரிசையாகக் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். தண்ணீருக்கு முகத்தைக் காட்டி, கால்வாய்க்கு முதுகைக் காட்டி நின்றார்கள். 'பத்தடிதானே' என்ற அலட்சியத்தில் சூரப்பர் ஒரு கையால்தான் பிடித்திருந்தார். பின்பக்கம் ஒரு அடி வைத்தார்கள். கயிறு விறைத்தது. அவ்வளவுதான், அடுத்த அடி நகரவில்லை.

"என்ன இது? கயிற்றின் மறுநுனியில் என்ன கட்டியிருக்கிறாய்?" என்று சடையநாதர் கூவினார்.

"தாங்கள் என்னை எடுக்கச் சொன்ன தட்டைத்தான் கட்டியிருக்கிறேன், பிரதானியாரே!"

"இது சூழ்ச்சி! நான் விட்டுவிடுகிறேன்!"

"தாராளமாக விடுங்கள். வெற்றிலை எடுத்தாயிற்று. பொழுதும் சாயப்போகிறது. நாளைக்குச் சபைக்கு எத்தனை சட்டி வேண்டும் என்று குயவரிடம் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று..." மருதப்பன் வரிசையை எண்ணத் தொடங்கினான்.

சட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் சபைக்கு எங்கிருந்துதான் அந்த வலு வந்ததோ! சடையநாதர் பட்டு மேலாடையை உதறிவிட்டு இரண்டு கையாலும் பிடித்தார். சூரப்பருக்குக் கனத்த கழல்களோடு கால் ஊன்ற முடியவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி வீசினார். மற்றவர்களும் கழற்றி வீசினார்கள். மருதப்பன் ஓடத்துப் பாட்டை எடுத்துவிட்டான். "ஏலேலோ!" என்றால் "ஐலசா!" என்றது சபை. காப்பியப் புலவரும் நரம்பு புடைக்க "ஐலசா!" என்றார். அரசர் தம்மை மறந்து ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்று கயிற்றைப் பிடித்தார். பார்த்துக்கொண்டிருந்த செங்கமலமும் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவருக்குப் பின்னால் பிடித்தாள்.

ஏரிக்குள் 'குபுக்' என்று ஒரு சத்தம்.

கல் பெயர்ந்ததும் கயிறு தொய்ந்தது. சபை மொத்தமும் மல்லாந்து, கரையின் மறுபக்கச் சரிவில் ஒருவர்மேல் ஒருவராக உருண்டு கால்வாய்க்குள் போய் விழுந்தது. அடுத்த நொடி மதகு வாயிலிருந்து சேறும் நீரும் சேர்ந்து சீறிக்கொண்டு வந்து அத்தனை பேரையும் குளிப்பாட்டியது. அரசரும் செங்கமலமும் மட்டும் பக்கவாட்டில் சரிந்து, புல்லில் உட்கார்ந்த மேனிக்கு விழுந்திருந்தார்கள்.

யார் தளவாய், யார் பிரதானி என்றே தெரியாத அளவுக்குச் சேறு. கால்வாயில் தண்ணீர் பெருகி ஓடியது. அதில் இரண்டு மூன்று கழல்கள் மினுக்கிக்கொண்டு போயின. யாரும் அவற்றின் பின்னால் ஓடவில்லை.

"பத்தடி நடக்கச் சொன்னேன், பெரியோர்களே. நாற்பது அடி உருண்டிருக்கிறீர்கள்!" என்றான் மருதப்பன் கரைமேல் நின்று.

முதலில் சிரித்தது புலவர் பொன்னம்பலர்தான். சேற்றில் உட்கார்ந்தபடியே அடக்கமாட்டாமல் சிரித்தார். "மகாராஜா, எனக்குக் கழல் வேண்டாம்! இவ்வளவு முழு மூச்சோடு ஒரு வேலை செய்து எத்தனை காலமாயிற்று!" என்றார். அதைக் கேட்டு அரசருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். கரைக்குக் கீழே இருந்த சனங்கள் மூட்டையை அவிழ்த்துக்கொண்டே சிரித்தார்கள். சடையநாதர் மட்டும் வாயிலிருந்த சேற்றைத் துப்பிக்கொண்டிருந்தார்.

சிரித்து ஓய்ந்த பிறகு அரசர் மருதப்பனை அருகில் அழைத்தார். "நான் பரிசு கொடுத்தது தப்பா, மருதப்பா?"

"பரிசு தப்பே இல்லை, மகாராஜா! இப்போது தாங்கள் எனக்குக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் மூன்று நாள் முங்கி எழுந்தபோது சபை சிரித்தது. பல்லில்லாத புலிக்கு முரசு முழங்கியது. பார்த்துக்கொண்டிருந்தவன் எவன்தான் ஏரியில் இறங்குவான்?"

அரசர் அந்த இடத்திலேயே ஏரிக்கரைக்குக் கீழ் இருந்த நல்ல விளைநிலத்தை மருதப்பனுக்கு எழுதி வைக்கச் சொன்னார். பிறகு முரசடிப்பவனை வரவழைத்தார். "மூன்று முறை முழக்கு. இவன் தோற்ற மூன்று நாளைக்கும் ஒவ்வொன்று" என்றார். முரசடிப்பவன் தன் காதையே நம்பாமல் அரசரை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கோலை எடுத்தான்.

மறுநாள் காலையில் சபை கூடியபோது தட்டுகளுக்குப் பக்கத்தில் முதலாவதாக நின்றவர் மகாராஜாதான். ஒரு தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டு யாரிடமும் எதுவும் சொல்லாமல் லாயத்துப் பக்கம் போய்விட்டார். அன்று முழுவதும் அங்கிருந்து குதிரையின் கனைப்பும், 'தொப்' 'தொப்' என்று எதுவோ விழும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன.

அதற்கு மறுநாள் அரசர் சபைக்குள் நுழைந்தபோது எல்லோரும் பிரமித்து எழுந்து நின்றுவிட்டார்கள். கிரீடம் சற்றே கோணலாக இருந்தது. ஒரு முழங்கை சிராய்த்திருந்தது. கழுத்தில் உடைந்த மண்சட்டி. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சடையநாதரின் முகம் அஷ்டகோணலாயிற்று. மாடத்தில் முரசு முழங்கியது.

மகரகேது மகாராஜா மருதப்பனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவர் முகத்தில் அதே மாப்பிள்ளைக் களை. அந்தச் சந்தோஷத்தை எங்கே பார்த்தோம் என்பது இப்போது அவருக்கு நன்றாக நினைவுக்கு வந்துவிட்டது. நொண்டிக்கொண்டே போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, தட்டுகளைப் பார்வையிட வந்த சபையோரை நோக்கி விரலை நீட்டினார்.

"கார்முகில் தட்டை மட்டும் எவரும் தொடக் கூடாது, சொல்லிவிட்டேன். அது என்னுடையது!"